கடல் கொண்ட வீடுகளும் கடல் கொள்ளாத கடிதங்களும்

கடல்கோள் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. சங்கம் இருந்த ஊர்களைக் கடல் கொண்டது என இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. அவற்றோடு நூல்கள் பலவும் மறைந்தன என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று ஆராய்வது அறிஞர் கடன். ஆயினும் அந்நம்பிக்கையினுள் ஓர் உண்மை உண்டு. ஓர் ஊர் அழியும்போது கல்லும் மரமும் மட்டும் அழிவதில்லை. அவ்வூரார் எழுதி வைத்ததும், சேர்த்து வைத்ததும், நினைவுக்கென்று காத்து வைத்ததும் உடன் அழிகின்றன.

இவ்வுண்மையை ஐயத்திற்கு இடமின்றி விளக்கும் நிகழ்ச்சி ஒன்று 1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரை அவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள் சூறாவளி அழித்த வரலாறே அது.

எட்டடி மேட்டில் ஒரு செல்வநகர்

கால்வெஸ்டன், மெக்சிகோ வளைகுடாவில் நீண்டு கிடக்கும் ஒரு மணல்தீவு. பருத்தி ஏற்றுமதியால் செழித்த துறைமுகம். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 38,000 மக்கள் வாழ்ந்தனர். வணிகர் மாளிகைகளும், தொழிலாளர் குடியிருந்த மரவீடுகளும் நிறைந்திருந்த அந்நகரின் மிக உயர்ந்த இடம் கடல்மட்டத்திற்கு மேல் ஒன்பது அடிகூட இல்லை.

ஆபத்தை அறியாதவர்கள் அல்லர் அம்மக்கள். அதே கரையில் இருந்த இண்டியனோலா என்னும் துறைமுகத்தைச் சூறாவளி 1875இலும் 1886இலும் தாக்கியது. இரண்டாம் அடிக்குப் பின் அவ்வூர் கைவிடப்பட்டது. கால்வெஸ்டனில் கடற்சுவர் எழுப்ப வேண்டும் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியும் போயிற்று. அந்நகரின் வானிலை நிலையத் தலைவரான ஐசக் கிளைன் என்பவரே, பெரும்புயலுக்கு அஞ்சத் தேவையில்லை என்ற கருத்தை 1891இல் நாளிதழில் எழுதினார். கற்றவர் சொல்லும் செல்வர் விருப்பமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், எச்சரிக்கை செய்வோர் குரல் எங்கே எடுபடும்?

கேளாமற்போன எச்சரிக்கை

கியூபாவின் வானிலை அறிஞர்கள் புயல்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். அவ்வாண்டு அவர்கள், இப்புயல் மேற்கு நோக்கி வளைகுடாவினுள் செல்லும் என்று கணித்தனர். வாஷிங்டனில் இருந்த அமெரிக்க வானிலைத் துறையோ, அது வடக்கே திரும்பிவிடும் என்று நம்பியது. போதாக்குறைக்கு, கியூபாவிலிருந்து வானிலைச் செய்திகள் தந்திவழி வருவதையும் அத்துறை சில நாட்களுக்கு முன்பே தடுத்திருந்தது. அறிவு இல்லாமையால் வந்த கேடு ஒரு பங்கு. பிறரிடம் இருந்த அறிவை மதியாமையால் வந்த கேடு மற்றொரு பங்கு.

சனிக்கிழமை காலையிலேயே தெருக்களில் நீர் புகுந்தது. மாலையில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியே பறந்து போயிற்று. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலங்கள் யாவும் முறிந்தன. இரவு ஏழரை மணியளவில், நான்கு நொடிகளில் நான்கு அடி நீர் உயர்ந்தது என்று கிளைன் தம் அறிக்கையில் எழுதினார். கடல் பதினைந்து அடிக்கு மேல் எழும்பியது. ஒன்பது அடிக்கும் தாழ்ந்த ஊரில் பதினைந்து அடி நீர் என்றால், ஒதுங்கி நிற்க ஒரு திட்டேனும் ஏது?

கிளைன் வீடு உறுதியாகக் கட்டப்பட்டது என்று நம்பி, ஏறத்தாழ ஐம்பது பேர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். வெள்ளத்தில் மிதந்து வந்த இருப்புப்பாதைத் துண்டு ஒன்று மோதி அவ்வீடும் கவிழ்ந்தது. பதினெட்டுப் பேரே தப்பினர். கிளைனும், அவர் தம்பியும், மூன்று பெண்மக்களும் பிழைத்தனர்; மனைவி மாண்டார். அச்சம் வேண்டா என்று ஊருக்குச் சொன்னவர் வீட்டுக்கும் கடல் வந்தது. இதனைத் தண்டனை என்று கொள்ளுதல் முறையன்று. அவர் நம்பியதையே ஊரார் பெரும்பாலோரும் நம்பினர்.

நகரில் ஏறத்தாழ 3,600 வீடுகள் சிதைந்தன. மாண்டோர் 6,000 முதல் 12,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. 8,000 என்பதே பலரும் எடுத்தாளும் எண். புனித மரியன்னை அநாதை இல்லத்தில் இருந்த கன்னியர், குழந்தைகளைத் துணி உலர்த்தும் கயிற்றால் தம் உடலோடு பிணைத்துக்கொண்டனர். பத்துக் கன்னியரும் தொண்ணூறு குழந்தைகளும் இறந்தனர். அவ்வில்லத்தில் தப்பியவர் மூன்று சிறுவர் மட்டுமே.

எஞ்சியவை எவை?

மறுநாள் விடிந்தபோது, வீடுகள் இருந்த இடத்தில் வெறுமணல் கிடந்தது. அவ்வீடுகளின் பலகையும், கட்டிலும், பெட்டியும், பிணமும் ஒன்றாகத் திரண்டு, மாடி உயரத்துக்கு ஒரு பெருஞ்சுவராகக் குவிந்திருந்தன. திருமணப் படம், தாத்தா கையெழுத்திட்ட வேதப்புத்தகம், குழந்தையின் முதற்சட்டை என்றெல்லாம் ஒரு குடும்பம் காத்து வைத்தவை அக்குவியலில் எங்கே கிடந்தன என்று யாரால் சொல்ல முடியும்? தேடவும் காலமில்லை. எழுநூறு உடல்களைப் படகில் ஏற்றிக் கடலில் இட்டனர். கடல் அவற்றைக் கரைக்கே திருப்பி அனுப்பியது. அதன்பின் கிடைத்த இடத்திலேயே உடல்களை எரித்தனர். சிதைத் தீ வாரக்கணக்கில் எரிந்தது. இவ்வேலைக்குக் கறுப்பின ஆடவர் பலர் துப்பாக்கி முனையில் இழுத்துச் செல்லப்பட்டனர் என்பதையும் வரலாறு மறைக்கலாகாது.

எனவே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கல்லறையும் இல்லை, நினைவுப்பொருளும் இல்லை. கிளைனின் மனைவியின் உடல் செப்டம்பர் 30ஆம் நாள் கிடைத்தபோது, விரலில் இருந்த மோதிரத்தைக் கொண்டே அடையாளம் கண்டனர். நினைவுப்பொருள் என்று நாம் எளிதாகச் சொல்லும் சிறுபொருள், ஒருவர் இன்னார் என்று சொல்லும் ஒரே சான்றாகவும் ஆகிவிடுகிறது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. அழிந்த அந்நகரத்து மக்களின் குரலை நாம் இன்றும் கேட்க முடிகிறது. எப்படி? உயிர் தப்பியோர், வெளியூரில் இருந்த தாய்க்கும் தமையனுக்கும் தோழருக்கும் நடந்ததை எழுதினர். அவ்வாறு சென்ற கடிதங்கள் பல, அந்நகரத்திலேயே 1904இல் திறக்கப்பட்ட ரோசன்பர்க் நூலகத்துக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தன. படங்களோடும் முதியோர் வாய்மொழிகளோடும் அவை இன்று அங்கே காக்கப்படுகின்றன. தம்மிடமே பூட்டி வைத்தது போயிற்று. பிறர்க்கு எழுதி அனுப்பியது நின்றது. எழுத வாய்ப்பற்ற ஏழையரும் கறுப்பின மக்களும் அந்த ஏட்டில் குறைவாகவே பேசுகின்றனர் என்பது இதன் மறுபக்கம்.

நகரை உயர்த்திய கதை

கால்வெஸ்டன் மக்கள் ஊரைக் கைவிடவில்லை. 1902இல் தொடங்கி 1904இல் முடித்த கடற்சுவர் பதினேழு அடி உயரமும் மூன்று மைலுக்கு மேல் நீளமும் உடையது. திட்டம் வகுத்த பொறியாளர் மூவருள் ஒருவர் என்றி மார்ட்டின் ராபர்ட். சங்கக் கூட்டங்களுக்கு விதிமுறை நூல் எழுதியவரும் அவரே. சுவரின் பின்னே ஊரையே உயர்த்தினர். 2,000க்கு மேற்பட்ட கட்டடங்களைத் திருகு தூக்கிகளால் மேலே எழுப்பி, கடல் மணலை நீரோடு கலந்து குழாய்வழி அடியில் பாய்ச்சினர். வீட்டை உயர்த்தும் செலவை வீட்டுக்காரரே ஏற்றனர். ஆண்டுக்கணக்கில் மக்கள் மரப்பலகைப் பாலங்களில் நடந்தனர். 1915இல் மீண்டும் பெரும்புயல் வந்தபோது சுவர் நின்றது, ஊர் பிழைத்தது. முன்னரே எழுப்பியிருந்தால் என்னும் எண்ணம் எவர்க்கும் எழாமல் இராது.

நம் பெட்டியில் இருப்பவை

நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இத்தகைய புயல் இங்கே அரிது. அரிது என்பது இல்லை என்பதன்று. 1996 டிசம்பரில் கிரெக் என்னும் புயல் சபாவில் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 2001 டிசம்பரில் வாமெய் என்னும் புயல் ஜொகூர்க் கரையில் ஏறியது. வெள்ளமோ நமக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி.

புயல் வாராமலும் வீடு போவதுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீட்டுமனைகளாக மாறியபோதும், லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்தம் தகரப் பெட்டிகளில் இருந்த கப்பல் சீட்டு, திருமணப் படம், பிறப்புப் பத்திரம் இவற்றுள் எவை புதுவீடு வந்து சேர்ந்தன? பிறப்புப் பத்திரம் ஒன்று தொலைந்தமையால் பள்ளியில் சேரவும் குடியுரிமை பெறவும் அல்லலுறும் பிள்ளைகளை நம் ஆசிரியர்கள் அறிவார்கள். அத்தகைய பெற்றோர்க்கு அந்தத் தாள் வெறும் நினைவுப்பொருள் அன்று, வாழ்வுரிமையே அது.

ஆதலால் ஆசிரியப் பெருமக்கள் ஒன்று செய்யலாம். பாட்டி தாத்தா சொல்லும் குடும்ப வரலாற்றை மாணவர் தம் கையால் எழுதட்டும். ஒரு படி வீட்டில் இருக்கட்டும். ஒரு படி பள்ளியில் இருக்கட்டும். இன்னொரு படி வேறூரில் வாழும் உறவினர்க்குப் போகட்டும். எழுதத் தெரியாத முதியவர் சொல்லையும் பிள்ளை எழுதினால், கால்வெஸ்டன் ஏட்டில் உள்ள குறை நம் ஏட்டில் நேராது. வீட்டைக் காக்கச் சுவர் வேண்டும்; அதற்குப் பொருள் வேண்டும். நினைவைக் காக்க ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும் போதும்.