ஆமை வரைந்த சதுரம்

கணினிக்குக் கட்டளை எழுதும் கலையைச் செய்நிரலாக்கம் என்பர். அது கணித வல்லுநர்க்கே உரியதென்றும், சிறுவர் அதனை அணுகுதல் இயலாதென்றும் ஒருகாலத்தில் பலர் கருதினர். அக்கருத்தை மாற்றிய முயற்சிக்கு ஒரு சித்திர வகுப்பறை தூண்டுகோலாயிற்று என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் 1967ஆம் ஆண்டு 'லோகோ' என்னும் கணினி மொழி உருவாயிற்று. வொலஸ் பொயர்சைக், சிந்தியா சொலமன், சீமோர் பேப்பர்ட் ஆகியோர் அதனை ஆக்கியோருள் முதன்மையானவர்கள். பேப்பர்ட் 1928இல் தென்னாபிரிக்காவிற் பிறந்த கணித அறிஞர். ஜெனீவாவில் பியாஜே என்னும் உளவியல் மேதையுடன் பணிபுரிந்து, குழந்தைகள் அறிவைத் தாமே கட்டியெழுப்பும் விதத்தை ஆராய்ந்தவர். தொடக்கத்தில் லோகோ சொற்களையும் வாக்கியங்களையுமே கையாண்டது. படம் வரையும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை.

அந்நாளில் லெக்சிங்ரன் என்னும் ஊரின் பாடசாலையொன்றிற் பேப்பர்ட் பணியாற்றினார். அவர் நாளும் செல்லும் வழியில் ஒரு சித்திர அறை இருந்தது. அங்கே மாணாக்கர் சவர்க்காரக் கட்டிகளைச் செதுக்கி உருவங்கள் சமைத்துக்கொண்டிருந்தனர். ஒவ்வொருவரும் தம் மனத்தில் தோன்றியதையே செதுக்கினர். வேலை வாரக்கணக்கில் நீடித்தது. சிந்திக்கவும், பிறர் ஆக்கத்தைப் பார்த்துத் தம்முடையதைத் திருத்தவும் அவர்களுக்கு நேரம் இருந்தது. கணித வகுப்பிலோ சிறு கணக்கொன்று கொடுக்கப்படும். செய்து முடித்ததும் அது மறக்கப்படும். கணிதமும் அச்சவர்க்காரச் சிற்பம்போல் ஏன் இருத்தலாகாது என்னும் வினா பேப்பர்ட்டின் நெஞ்சில் நிலைத்தது.

அவ்வினாவுக்கு விடையாக வந்தது ஆமை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்பார் 1940களின் இறுதியிற் செய்த இயந்திர ஆமைகளை நினைவூட்டும் பெயர் அது. லோகோவின் கட்டளைக்கு இணங்கி, தரையில் விரித்த தாளின்மீது பேனாவாற் கோடிட்டுச் சென்றது அவ்வியந்திரம். பின்னர் அது திரையில் நகரும் சிறு முக்கோணமாயிற்று.

'100 காலடி முன்னே செல். 90 பாகை வலப்புறம் திரும்பு' என நான்கு முறை கட்டளையிட்டால் ஆமை சதுரம் வரையும். 'இதனை நான்கு முறை செய்' என்று சுருங்கச் சொல்லலாம் என அறியும் பிள்ளை, மீளச்செய்தல் என்னும் அடிப்படையைக் கற்கிறது. அத்தொகுதிக்குச் 'சதுரம்' எனப் பெயரிட்டு வேண்டியபோது அழைக்கையில், பெரிய வேலையைச் சிறு பகுதிகளாற் கட்டும் முறையைக் கற்கிறது.

அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை எனப் பாடநூலிற் படித்த பிள்ளை, ஆமையையும் 60 பாகை திருப்புகிறது. உருவம் மூடாமல் விரிந்து நிற்கிறது. பிள்ளை எழுந்து, ஆமையைப்போல் தானே நடந்து பார்க்கிறது. ஒரு சுற்று முடிந்து பழைய திசையை நோக்கும்போது உடல் 360 பாகை திரும்பியிருக்கும். மூன்று மூலைகளுக்கும் பங்கிட்டால் 120 எனக் காண்கிறது. இங்கே பிழைக்குத் தண்டனை இல்லை. படமே பிழையைக் காட்டுகிறது. பிள்ளையே அதனைத் திருத்துகிறது.

1980இல் பேப்பர்ட் 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். அதன்பின் லோகோ பல நாடுகளிற் பரவியது. ஆயினும் 1984இல் ரோய் பீ, மிடியன் கேர்லண்ட் என்னும் ஆய்வாளர்கள், செய்நிரல் கற்றதனால் மட்டும் பிள்ளைகளின் பொதுவான சிந்தனைத் திறன் உயர்ந்துவிடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை எனக் காட்டினர். கருவி தனித்து எதையும் செய்வதில்லை. அது வழங்கும் வகுப்பறையின் பண்பே பயனை நிர்ணயிக்கிறது என்பது பேப்பர்ட்டின் மறுமொழி.

எனினும் ஓவிய வழிக் கற்றல் நின்றுவிடவில்லை. ஜோன் மயேடா 1999இல் ஓவியர்க்கென ஒரு கணினி மொழியை வெளியிட்டார். அவருடைய மாணவர்களான கேசி ரீஸ், பென் ப்ரை ஆகியோர் 2001இற் 'புரொசெசிங்' மொழியைத் தொடங்கினர். சிறுவர்க்கான 'ஸ்கிராட்ச்' 2007இல் வெளிவந்தது.

தமிழர்க்கும் இவ்வழி புதிதன்று. புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே முடியும் கோலமும் விதிகளின் வரிசையே. சென்னை அறிஞர்களான கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இற் கோலங்களைக் கணினியியலின் இலக்கண முறையால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர்.

கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய கட்டளைகளைப் பார்த்தெழுதி, மணி அடித்ததும் எழுந்து செல்லும் பிள்ளைக்கு எந்த ஆமையும் உதவாது. சவர்க்காரம் செதுக்கிய மாணாக்கர்க்குக் கிடைத்த நேரமும், தாம் விரும்பியதைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமையும் கணினி அறையிலும் கிடைத்தல் வேண்டும். அவற்றை வழங்குதல் ஆசிரியரின் கடமையாகும்.