கர்ப்பிணியின் நடையும் இரத்தக் கொதிப்பும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

கர்ப்பவதியான பெண்ணின் கணுக்கால் மாலை வேளையில் வீங்கி, விரலால் அழுத்திய இடம் குழிந்து நிற்குமானால், 'இது சகஜந்தான், நாலு நடை நடந்தால் வடிந்துவிடும்' என்று ஒருவரும், 'எழுந்திருக்கவே கூடாது, காலை நீட்டிப் படுத்திரு' என்று மற்றொருவரும் புத்தி சொல்வது எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு. இவ்விரு வாக்குகளுக்கும் பின்னே நெடியதொரு வைத்திய சரித்திரம் உண்டு. அதனை ஆராயுமிடத்து, கர்ப்ப காலத் தேகாப்பியாசத்தைப் பற்றிய கொள்கை மாறிவந்ததற்கு முதற்காரணம், கர்ப்ப கால இரத்தக் கொதிப்பு நோயை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கிடைத்தமையே என்பது புலனாகும்.

கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் தமது 'அரசியல்' நூலில், கர்ப்பிணிகள் சோம்பியிராவண்ணம், பிள்ளைப்பேற்றுக்குரிய தெய்வங்களை வழிபட நாள்தோறும் நடந்து செல்லுமாறு சட்டம் வகுக்கவேண்டும் என்று கூறினார். ஆயுர்வேத நூலாகிய சுசுருத சம்ஹிதையோ கர்ப்பிணி விலக்கவேண்டியவற்றுள் வியாயாமம் என்னும் தேகாப்பியாசத்தையும் ஒன்றாக வைத்து எண்ணியது. இரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினும், நோயுற்ற கர்ப்பிணியை நலமுள்ள கர்ப்பிணியினின்றும் பிரித்தறியும் கருவி எதுவும் இல்லாத காலத்து விதிகள் என்ற வகையில் இரண்டும் ஒன்றே. இந்நோய் முற்றிய கர்ப்பிணிகளுக்கு வரும் சூல்வலிப்பைக் காக்கை வலிப்பினின்றும் வேறுபடுத்திக் காட்டும் முயற்சியே 1739-இல் பிரான்சு தேசத்து சோவாஜ் என்பவரிடத்தில்தான் தெளிவு பெற்றது.

1843-ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்பம். லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஜான் லீவர், வலிப்புக் கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, அதில் ஆல்புமின் என்னும் புரதம் இருப்பதைக் கண்டறிந்தார். எடின்பரோவில் மருத்துவர் சிம்ப்சனும் அவ்வாண்டிலேயே அதைக் குறிப்பிட்டார். அதுவரை வெறும் நீர்க்கோவையாகக் கருதப்பட்ட வீக்கம், அன்றுமுதல் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கத் தூண்டும் அடையாளமாயிற்று. எனினும் இரத்தக் கொதிப்பு இன்னும் கண்ணுக்குப் புலப்படாமலே இருந்தது. 1896-இல் இத்தாலியரான ரீவா ரோச்சி, புயத்தில் பட்டை கட்டிப் பாதரசத்தால் இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். அதற்கு மறு ஆண்டே பாரிஸ் நகரத்து மருத்துவர்களான வாக்கேயும் நோபெக்கூரும், சூல்வலிப்புக் கண்டவர்களிடத்தில் அழுத்தம் மிகுந்திருப்பதை வெளியிட்டனர். வீக்கம், புரதம், அழுத்தம் ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று குறிகளாக இவ்வாறு ஒன்றுசேர்ந்தன.

இதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் படுக்கையின் காலம். இரத்தத்தில் ஏதோ நஞ்சு கலப்பதே நோயின் மூலம் என்று அக்காலத்தார் நம்பினர். ருஷ்யாவில் ஸ்ட்ரோகனாப் என்ற மருத்துவர், வலிப்புக் கண்டவர்களை இருண்ட, ஓசையற்ற அறையில் கிடத்தி, மயக்க மருந்துகளால் அமைதிப்படுத்தும் முறையைப் பரப்பினார். மரணத்தின் வாயிலில் நின்றவளுக்கு உரிய அந்த அமைதி, நாளடைவில், அழுத்தம் சிறிதே ஏறிய எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் விதியாயிற்று. அதனோடு உப்பில்லாப் பத்தியமும், பிற்பாடு சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளும் சேர்ந்தன. உழைக்கும்போது அழுத்தம் ஏறுவதும் ஓய்வில் இறங்குவதும் மெய்யே. ஆயின், ஓய்வு நோயையே தடுக்கும் என்பது அதிலிருந்து கொண்ட அனுமானமேயன்றி, நிரூபணம் அன்று.

இதே காலத்தில் நலமுள்ள கர்ப்பிணிகளைப் பற்றிய கருத்து எதிர்த்திசையில் சென்றது. காஷ்மீரத்தில் பணியாற்றிய காத்லீன் வான் என்னும் பெண் மருத்துவர், பர்தாவுக்குள் வெயில் படாது வாழ்ந்த மாதர் எலும்பு மென்மையாகிப் பிரசவத்தில் துன்புற்றதைக் கண்டு, கர்ப்ப காலத்து உடலசைவின் அவசியத்தை வற்புறுத்தினார். லண்டனில் மின்னி ராண்டல் கர்ப்பிணிகளுக்கான அப்பியாசங்களை வகுத்தார். ஆக, நலமுள்ளவளுக்கு நடை, நோயுற்றவளுக்குப் படுக்கை என இரு பாதைகள் பிரிந்தன.

பழைய விதிகளைப் பரிசோதனைத் தராசில் நிறுத்தியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. உப்பைக் குறைப்பதால் பயன் இல்லை என்பதும், சிறுநீர் பெருக்கும் மாத்திரைகள் வீக்கத்தை வடித்தனவேயன்றி நோயைத் தடுத்தன என்பதற்குச் சான்றில்லை என்பதும் தெளிவாயின. 1992-இல் வெளியான ஜிம்பாப்வே நாட்டு ஆய்வு, சிறுநீரில் புரதம் காணாது அழுத்தம் மட்டும் ஏறிய 218 பெண்களில் ஒரு சாராரை ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் மறுசாராரை வீட்டில் வழக்கமான நடமாட்டத்திலும் வைத்து ஒப்பிட்டது. படுத்திருந்தவர்களில் கடுமையான அழுத்தம் சற்றுக் குறைவாகக் கண்டதேனும், குழந்தையின் வளர்ச்சியில் மேன்மை காணவில்லை. நெடுநாட் படுக்கையால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் வேறு. 2013-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் குழு, கண்டிப்பான படுக்கை ஓய்வை விதிக்கவேண்டாமென்று கருத்துரைத்தது. வீக்கமோ, நலமுள்ளவர் பலரிடத்தும் காணப்படுவதால், 2000-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு நிபுணர் குழுவால் நோய்க்குறிகளின் வரிசையினின்றும் நீக்கப்பட்டிருந்தது.

தேகாப்பியாச விதிகளும் இவ்வாறே நெகிழ்ந்தன. மேற்சொன்ன கல்லூரி 1985-இல், நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டக் கூடாது, கடும் பயிற்சி 15 நிமிஷத்துக்கு மேற்படக் கூடாது என்றது. 1994-இல் நாடி வரம்பைக் கைவிட்டது. 2002-இல் நலமுள்ள கர்ப்பிணிகளுக்கு வாரத்தின் பெரும்பாலான நாட்களில் 30 நிமிஷ மிதமான பயிற்சியைச் சிபாரிசு செய்தது. ஆனால் கர்ப்ப கால இரத்தக் கொதிப்பு உள்ளவர்களை அறவே விலக்கியது. 2019-இல் கனடா வகுத்த வழிகாட்டி நுட்பமானதொரு கோடு கிழித்தது: அழுத்தத்தோடு புரதமோ உறுப்புச் சேதமோ தோன்றும் முன்சூல்வலிப்பு நிலையில் கடும் பயிற்சி கூடாது, அன்றாட நடமாட்டம் மட்டும் போதும்; அழுத்தம் மட்டும் ஏறியிருந்தால், மருத்துவரோடு கலந்து நன்மை தீமைகளைச் சீர்தூக்கி முடிவு செய்யலாம். நலமுள்ளவர்களுக்கோ, வாரம் 150 நிமிஷ மிதமான பயிற்சி இந்நோய் வராமற் காக்கவே துணைபுரியும் என்பதும் அவ்வழிகாட்டியின் கருத்து.

இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபு இது: நடக்கலாமா என்ற கேள்விக்குக் கணுக்கால் விடை சொல்லாது, அழுத்தமானியும் சிறுநீர்ச் சோதனையுமே சொல்லும். மேலளவு 140-ஐயோ கீழளவு 90-ஐயோ எட்டுமானால் முதலில் மருத்துவரைக் காணவேண்டும். அவர் இசைந்த பின்னரே, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய நிதானமான நடை. மூச்சடக்கிப் பாரம் தூக்குதலும், முதல் மூன்று மாதங்களுக்குப் பின்னர் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சியும் வேண்டாம். முகமும் கையும் திடீரென வீங்குதல், ஓயாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், அல்லது அளவு 160-ஐயோ 110-ஐயோ எட்டினும், நடையும் வேண்டாம், வீட்டில் படுக்கையும் வேண்டாம். அந்நேரமே ஆஸ்பத்திரிக்குச் செல்வதே கடன்.