சடை விழுந்த கூந்தல்

பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் ஒரு மாணவியின் கூந்தல் திரண்டு சடையாகிவிட்டது. "அம்மன் சடை, கத்தி படக்கூடாது" என்றனர் பெரியவர்கள். வெட்கத்தால் அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். நாம் வருந்தினோம்.

துறவிகள் சடைமுடியை விரும்பி வளர்ப்பார்கள். இது அப்படியன்று. பலநாள் கழுவாமல், சீவாமல் விட்ட முடி, எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் சேர்ந்து தானாகவே பின்னிக்கொள்கிறது.

கர்நாடகத்திலும் மராட்டியத்திலும் இத்தகைய சடையை எல்லம்மா தேவியின் அழைப்பென்று நம்பி, பெண்களைத் தேவதாசிகளாக்கினார்கள். கர்நாடகம் அவ்வழக்கத்தை 1982இல் சட்டமியற்றித் தடைசெய்தது. மராட்டியத்தில் டாக்டர் நரேந்திர தாபோல்கர் 1989இல் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் கண்டார். 2013இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும், இயக்கத்தார் பெண்களிடம் பொறுமையாகப் பேசி, அச்சம் நீக்கி, சடைகளை வெட்டிவிடும் பணியைத் தொடர்ந்தனர்.

போலந்து மக்களும் ஒருகாலத்தில் சடையை வெட்ட அஞ்சினார்கள். 19ஆம் நூற்றாண்டில் யூசெப் டீட்டல் என்னும் மருத்துவர் அந்த அச்சத்தை எதிர்த்துப் போராடினார்.

தாய்மார்களே! சீயக்காய் தேய்த்து அலசுங்கள், நன்றாக உலர்த்துங்கள், நாள்தோறும் நுனியிலிருந்து சிக்கெடுத்துச் சீவுங்கள். இறுகிய சடையை வெட்டினால் குற்றமில்லை. முடி மீண்டும் வளரும். விட்டுப்போன படிப்பு எளிதில் திரும்பாது.