மியூட்டூ பாத்திரத்தின் வளர்ச்சி – ஒரு வரலாற்று நோக்கு

கற்பனைப் பாத்திரமொன்று ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குச் செல்லும்போது, அதன் புறத்தோற்றம் மாறாதிருப்பினும் பொருள் மாறிவிடுதல் உண்டு. மேரி செல்லி 1818 இல் வெளியிட்ட பிராங்கன்ஸ்ரைன் நாவலில், விஞ்ஞானியொருவனாற் படைக்கப்பட்ட உயிரி தன் துயரைத் தானே நீளப் பேசுகின்றது. 1931 இல் வெளிவந்த திரைப்படத்திலோ அது பேச்சிழந்து உறுமுவதோடு அமைகின்றது. இதற்கு நேர்மாறான வளர்ச்சியை, யப்பானியக் கணினி விளையாட்டொன்றிற் பிறந்த மியூட்டூ என்னும் உயிரியிடம் காணலாம். ஊமையாகத் தோன்றிய அது இரண்டு ஆண்டுகளின் பின்னர் திரையிற் பேசத் தொடங்கிற்று. அது பேசியவற்றை மொழிபெயர்ப்பு மாற்றியமைத்தது. இம்மாற்றங்களை ஆராய்வது, சிறுவர் கலையும் வணிகமும் விஞ்ஞானமும் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தை விளங்கிக்கொள்ள உதவும்.

சற்றோஷி தஜிரியின் தலைமையில் கேம் பிறீக் நிறுவனம் உருவாக்கிய போகேமொன் விளையாட்டு, 1996 பெப்ரவரி 27 இல் நிண்டெண்டோவின் கேம் போய் என்னும் கையடக்கக் கருவிக்கென வெளியாயிற்று. அதில் 150 ஆம் இலக்கம் பெற்ற உயிரியே மியூட்டூ. கைவிடப்பட்ட மாளிகையொன்றிற் கிடக்கும் ஆய்வுக் குறிப்புகள் வாயிலாகவே அதன் வரலாறு அறியப்படுகின்றது. தென்னமெரிக்காவின் கயானாக் காட்டிற் கண்டெடுக்கப்பட்ட மியூ என்னும் உயிரி குட்டி ஈன்றதென்றும், அக்குட்டியின் கொடிய இயல்பை அடக்க முடியவில்லையென்றும் அவை கூறுகின்றன. ஆனால் அதே விளையாட்டிலுள்ள உயிரிகளின் விவரத்திரட்டு, பரம்பரையலகு ஆராய்ச்சியின் மூலம் விஞ்ஞானியொருவர் அதனை உருவாக்கினாரென்கிறது. ஈன்ற குட்டியா, ஆக்கிய பொருளா என்னும் இம்முரண்பாடு அங்கு தீர்க்கப்படவில்லை. எல்லோரையும் வென்று முடித்தவனே நுழையக்கூடிய குகையில் அது காத்திருக்கின்றது. விளையாடுபவனைப் பொறுத்தவரை அது பிடிக்கப்படவேண்டிய கடைசிப் பெருவலிமை மட்டுமே. அதற்குப் பேச்சில்லை, நிறமற்ற சிறு திரையில் ஓர் உருவமும் ஒரு கூக்குரலுமே உண்டு.

இம்மௌனத்தைக் கலைத்தது திரைப்படம். குனிஹிகோ யுயாமா நெறியாள்கை செய்ய, தகேஷி ஷுடோ கதைவசனம் எழுதிய முதலாவது போகேமொன் திரைப்படம் 1998 யூலை 18 இல் யப்பானில் வெளியிடப்பட்டது. விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த ஒன்று ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஸ்கொற்லாந்தின் றொஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் 1996 யூலை 5 இற் பிறந்த டொலி என்னும் ஆடு, வளர்ந்த ஆடொன்றின் உயிரணுவிலிருந்து பெறப்பட்ட பிரதியென 1997 பெப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. எனவே 1998 ஆம் ஆண்டுப் பார்வையாளருக்குப் பிரதியுயிர் என்பது வெறுங் கற்பனையாக இருக்கவில்லை. திரைப்படத்தில் மியூட்டூ ஈன்ற குட்டியன்று; மியூவின் உடற்கூறொன்றிலிருந்து ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட பிரதி. விழித்தெழுந்ததும் அது தான் யார், எதற்காகப் பிறந்தேன் என வினவுகின்றது. தக்க விடை கிடையாமையால் ஆய்வுகூடத்தை அழிக்கின்றது. பின்னர் தன்னைப் போன்ற பிரதிகளைத் தானே ஆக்கி, மூலங்களோடு மோதவிடுகின்றது. விளையாட்டிற் கொடுமையெனக் குறிக்கப்பட்டது இங்கு காரணமுள்ள சினமாகின்றது.

இத்திரைப்படம் 1999 நவம்பர் 10 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளியானபோது, இசை பெரும்பாலும் புதிதாக்கப்பட்டதோடு உரையாடலும் மாற்றப்பட்டது. யப்பானிய வடிவத்தில், சிறப்பு ஆற்றல்களை விடுத்து உடலால் மட்டும் மோதினால் மூலங்கள் பிரதிகளுக்குத் தோற்கமாட்டா என மியூ வாதிடுகின்றது. அதாவது மூலமும் தன் பிறப்புரிமைச் செருக்கிலிருந்து விடுபடவில்லை. இரு தரப்பும் சமமாகக் குற்றமுடையன. ஆங்கில வடிவத்திலோ அவ்விடத்தில் மியூ, உண்மையான வலிமை உள்ளத்திலிருந்தே பிறக்கின்றதென்னும் அறவுரையைக் கூறுகின்றது. மூலம் நல்லதாகவும் பிரதி தீயதாகவும் பிரிந்துவிடுகின்றன. சண்டையிடுதல் தவறென்ற போதனையும் வலியுறுத்தப்பட்டது. சண்டையையே அடிப்படையாகக் கொண்ட ஒரு விளையாட்டின் திரைப்படம் சண்டைக்கெதிராகப் பேசுவதிலுள்ள முரணை அக்கால விமர்சகர் சிலர் சுட்டிக்காட்டத் தவறவில்லை. இறந்த மகளை மீண்டும் உருவாக்க முயலும் விஞ்ஞானியின் கதைப்பகுதி அமெரிக்கத் திரையரங்குகளுக்குச் செல்லவில்லை; அது 2001 இல் வட்டுப் பதிப்பொன்றின் வாயிலாகவே அங்கு கிடைத்தது. அப்பகுதியின்றி நோக்கும்போது படைப்போனின் நோக்கம் பேராசை மட்டுமாகச் சுருங்கிவிடுகின்றது. அன்பினாலும் தவறு நேரும் என்ற சிக்கலான உண்மை மறைந்துவிடுகின்றது.

சித்திரக்கதை வேறொரு விடையைத் தந்தது. ஹிடெனோரி குசாகா எழுதி, 1997 முதல் ஷோகாகுகான் நிறுவனத்தின் சிறுவர் சஞ்சிகைகளில் வெளிவந்த தொடரில், மியூட்டூவை ஆக்கியோருள் ஒருவரான கட்சுரா தமது உயிரணுக்களையே அதற்கு அளிக்கின்றார். அதன் உயிரணுக்களும் அவரது கையிற் புகுந்துவிடுகின்றன. அதன்பின் இருவரும் நெடுநேரம் பிரிந்திருக்க இயலாது. திரைப்படத்தில் வினாவாக நின்ற படைப்போனின் பொறுப்பு, இங்கு உடலோடு ஒட்டிய கடனாகின்றது. ஒரு நாளிற் கண்டு முடிக்கும் திரைப்படத்தைப் போலன்றி, நீண்டு தொடரும் கதைக்கு இத்தகைய பிணைப்பு பொருந்திவருவதையும் அவதானிக்கலாம்.

2019 ஆம் ஆண்டு இப்பாத்திரம் ஒரே காலத்தில் இரு வடிவங்களில் மீண்டும் தோன்றியது. மே மாதம் வெளிவந்த டிடெக்டிவ் பிக்காச்சு என்னும் திரைப்படத்தில் மனிதனொருவன் மியூட்டூவின் உடலையே தன் மனத்துக்குரிய கருவியாகக் கைப்பற்றுகின்றான். இங்கு வஞ்சிப்பவன் மனிதன், காப்பது உயிரி. யூலையில் யப்பானில் 1998 ஆம் ஆண்டுக் கதையே கணினி வரைகலையில் மீளவும் எடுக்கப்பட்டு வெளியிடப்பட்டது. பிரதியின் மதிப்பை வினவிய படைப்பு தானே பிரதியாக்கப்பட்டமை கருதத்தக்கது.

தொகுத்து நோக்குமிடத்து, மியூட்டூவின் வரலாறு ஓர் உருவம் புகழ்பெற்ற வரலாறு மட்டுமன்று. விளையாட்டுக்கு எதிரி தேவைப்பட்டது; திரைப்படத்துக்குக் குரல் தேவைப்பட்டது; அயல்நாட்டுச் சந்தைக்கு எளிய அறவுரை தேவைப்பட்டது. இத்தேவைகளுக்கேற்ப அவ்வுயிரி வடிவுபெற்றது. சிறுவர்க்குக் கடினமெனக் கருதி ஆங்கில வடிவம் தணித்த வினாவையே யப்பானியச் சிறுவர் நேரிற் கேட்டனர். சிறுவர் எதனைத் தாங்குவர், எதனைத் தாங்கார் எனத் தீர்மானிப்போர், பெரும்பாலும் சிறுவரையன்றிச் சந்தையையே அளவுகோலாகக் கொள்கின்றனர் என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகின்றது.