விதை மீனைக் காத்த கதை

விதை நெல்லைப் பொங்கித் தின்றால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வீங்க? அமெரிக்காவின் கிழக்குக் கரை மீனவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

அங்கே உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடும் 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்ற மீன் உண்டு. அதை வயலுக்கு உரமாகப் போடக் கூடாதென்று மாசசூசெட்ஸில் 1639-லேயே சட்டம் வந்தது. அவ்வளவு மலிந்து கிடந்த மீன்!

மேரிலாந்தின் செசபீக் விரிகுடாவில் குளிர்காலத்தில் இந்த மீன் சுறுசுறுப்புக் குறைந்து, ஆழத்தில் கூட்டமாய்க் கிடக்கும். படகில் போய்ச் செவுள் வலை விடுவார்கள். ஆனா, குளிர் போனதும் ஆறு ஏறி முட்டையிட வேண்டிய தாய் மீனும் அதே வலையில்தான் சிக்கும்.

அளவு மீறிப் பிடித்ததால் 1970-களின் பிற்பகுதியில் மீன்வளம் சரிந்தது. 1985-ல் மேரிலாந்து அரசு அடியோடு தடை போட்டது. 1982-ல் பிறந்த பெண் மீன்களில் நூற்றுக்கு 95 ஒரு தடவையாவது முட்டையிடும்வரை காக்க வேண்டும் என்பது கரையோர மாநிலங்கள் வகுத்த திட்டம். ஐந்து வருஷம் பொறுத்தார்கள். 1990-ல் அளவோடு பிடிக்க அனுமதி கிடைத்தது. 1995-ல் மீன்வளம் மீண்டுவிட்டதென அறிவித்தார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. 2019-ல் வெளியான ஆய்வு, மீன்வளம் மறுபடி குறைந்ததைக் காட்டியது. விதையைக் காப்பது ஒரு வருஷத்து வேலை இல்லீங்க. ஒவ்வொரு போகத்துக்கும் உண்டு.