மரக்கவிகள் காத்த ஆறு

நீலகிரி மலைத்தொடரின் தென்மேற்குச் சரிவில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அமைந்தது அமைதிப் பள்ளத்தாக்கு. அதன் நடுவே பாயும் குந்திப்புழை, தூதப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையில் கலக்கிறது. பாண்டவரின் தாய் பெயரை ஆறு தாங்க, அணைக்கெனக் குறித்த இடமோ திரௌபதியின் மறுபெயரான சைரந்திரி என வழங்கிற்று.

இவ்விடத்தில் நீர்மின் திட்டம் ஒன்றுக்கு 1973ஆம் ஆண்டில் திட்டக்குழு இசைவளித்தது. தேக்கும் நீரில் ஏறத்தாழ 8.3 சதுர கிலோமீட்டர் காடு மூழ்கும் நிலை. சிங்கவால் குரங்கின் வாழிடமான தொன்மை மழைக்காடு அது. எனினும் எதிர்த்தரப்பின் வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. மின்பற்றாக்குறையால் மலபார் பின்தங்கியிருந்தது. வேலையை எதிர்நோக்கிய இளைஞர் பலர். குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா என்ற கேள்வி எழுந்தது.

அக்கேள்விக்கு முதலில் விடை தேடியவர்கள் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் நிறைந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தினர். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் காட்டின் அருமையை எழுதியும் பேசியும் பரப்பினார். மலபாரின் மின்தேவையை வேறு வழிகளில் நிறைவு செய்யலாம் எனப் பரிஷத்தின் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது.

ஆயினும் கணக்கு மட்டுமே மக்கள் மனத்தைத் தொட்டுவிடுவதில்லை. அங்கேதான் கவிஞர்கள் முன்வந்தனர். சுகதகுமாரி, என்.வி. கிருஷ்ண வாரியர், ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர் முதலியோர் காட்டிற்காகக் குரல் கொடுத்தனர். சுகதகுமாரியின் ‘மரத்தினு ஸ்துதி’ என்னும் கவிதை போராட்டக் கூட்டங்களின் தொடக்கப் பாடலாயிற்று. ‘மரக்கவிகள்’ என்று சிலர் எள்ளி நகையாடினர். காலம் அவ்வசையையே விருதாக்கிவிட்டது.

வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, 1980 சனவரியில் தள்ளுபடியானது. அத்தோல்விக்குப் பின்னரும் இயக்கம் ஓயவில்லை. எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்தபின், 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

வெற்றி அத்துடன் நிலைபெற்றுவிடவில்லை. 2001ஆம் ஆண்டில், ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாத்திரக்கடவு என்னுமிடத்தில் மற்றோர் அணைத்திட்டம் தலைதூக்கியது. மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. 2007இல் பூங்காவைச் சூழ ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டர்க் காடு காப்பு வளையமாயிற்று.

ஆய்வறிக்கை தனித்து நின்றிருந்தால் கோப்புகளுக்குள் உறங்கியிருக்கும். கவிதை தனித்து நின்றிருந்தால் வெறும் உணர்ச்சியென ஒதுக்கப்பட்டிருக்கும். அறிவு சான்று தந்தது. பாட்டு அச்சான்றை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. சுகதகுமாரி 2020ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார். குந்திப்புழை சைரந்திரியில் அணை காணாமல் இன்றும் ஓடுகிறது.