பொன்முகலிக் கரைவழி: வேங்கடப் பயணத்தில் பெயர்களின் பெயர்ச்சி

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. எல்லை என்றவுடன் கோடு ஒன்றை நினைத்துக்கொள்வது நிலப்படங்கள் தந்த பழக்கம். சங்கப் பாடல்களிலோ வேங்கடம் பெரும்பாலும் கடந்து செல்லும் வழியாகவே வருகிறது. பொருள் தேடிப் பிரியும் தலைவன் அம்மலையைத் தாண்டிச் செல்கிறான். அதற்கு அப்பாலுள்ள நிலத்தை மாமூலனார் 'மொழிபெயர் தேஎம்' என்கிறார். மொழி மாறும் நாடு என்பது பொருள். தொல்காப்பிய மரபியலோ வழிநூல் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்த்தலைக் கூறுகிறது. ஆக, இன்று நூற்பணியை மட்டும் குறிக்கும் இச்சொல் பழந்தமிழில் ஒரு நிலத்துக்கும் அடைமொழியாயிருந்தது. அந்நிலத்தின் ஊர்ப்பெயர்களும் ஆற்றுப்பெயர்களும் எவ்வாறு பெயர்ந்தன என்பது மொழிபெயர்ப்பாளர் அறிய வேண்டுவதொன்று. பெயர்ச்சொல் மொழிபெயர்ப்புக்கு அப்பாற்பட்டது, அதை ஒலிபெயர்த்தால் போதும் என்னும் கருத்து இங்கே நிலைபெறாது.

கிழக்கிலிருந்து வேங்கடத்துக்குச் செல்வோர் சென்னை–கல்கத்தா நெடுஞ்சாலையில் நாயுடுபேட்டையில் மேற்கே திரும்புகின்றனர். நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. தெலுங்கில் 'நாயுடுபேட்ட' என்று அகரத்தில் முடியும் பெயர் தமிழில் ஐகாரம் பெறுகிறது. மேற்கே தமிழ்த் 'திருமலை' தெலுங்கில் ஐகாரம் இழந்து 'திருமல' ஆகிறது. இரு மொழிக்கும் இடையிலுள்ள ஒரே ஒலியுறவு வழியின் இரு முனைகளிலும் எதிரெதிர்த் திசையில் இயங்குவதைக் காணலாம். இடைப்பட்ட தொலைவு எழுபது கிலோமீட்டர் அளவினது.

இவ்வழி நெடுகிலும் பயணிக்குத் துணையாக வருவது ஓர் ஆறு. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தோன்றித் திருச்சானூரையும் காளத்தியையும் கடந்து, நாயுடுபேட்டையைத் தொட்டு, வங்கக் கடலில் கலக்கிறது. இன்றைய நிலப்படத்தில் அதன் பெயர் ஸ்வர்ணமுகி. 'பொன்முகம் உடையவள்' என்று எளிதாகப் பொருள் கூறிவிடலாம். ஆயினும் இப்பெயரின் வரலாறு அத்துணை எளிதன்று. சேக்கிழார் இதனைப் 'பொன்முகலி' என்கிறார். பழந்தெலுங்கில் இது 'மொகலேரு'. கந்தபுராணத்தின் வேங்கடாசல மான்மியத்தில் வடமொழி வடிவம் 'சுவர்ணமுகரி' என்றிருக்கிறது. இவற்றை ஒப்பிட்டால் பொன் என்னும் உறுப்பு தெலுங்கு வடிவத்தில் இல்லை என்பது புலனாகும். எல்லாவற்றிலும் ஏதேனும் ஓர் உருவில் எஞ்சி நிற்பது 'மொகலி' அல்லது 'முகலி' என்னும் பகுதியே. தெலுங்கில் மொகலி என்பது தாழை. ஏரு என்பது ஆறு. தாழை அடர்ந்த ஆறு என்னும் பொருள் ஆற்றங்கரைக்குப் பொருந்துவதே.

தமிழில் தாழைக்கு மொகலி என்னும் பெயர் இல்லாமையால் ஒலி மட்டும் 'முகலி' என்று நின்றது. சிறப்பிக்கும் அடையாகப் 'பொன்' முன்வந்தது. காளத்திக் கோயில் கட்டியோர்க்குக் கூலியாக அளித்த ஆற்றுமணல் அவரவர் உழைப்புக்கேற்பப் பொன்னாயிற்று என்னும் தலக்கதை அந்த அடைக்கு விளக்கம் தருகிறது. வடமொழியாக்கியவர் பெயரின் ஒரு பாதியை மட்டுமே மொழிபெயர்த்தார். பொன் சுவர்ணம் ஆயிற்று. பொருள் விளங்காத முகலிக்கு ஒலியால் நெருங்கிய 'முகரி' (ஆரவாரிப்பவள்) கிடைத்தது. பின்னர் அதுவும் தேய்ந்து 'முகி' ஆனபோது ஆற்றுக்கு முகம் வந்து சேர்ந்தது. தாழை நீர் ஒலியாகி, ஒலி முகமாகிய இம்மாற்றத்தில் ஒவ்வொரு நிலையிலும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் முடிவு இருக்கிறது எனக் கருத இடமுண்டு. ஆகவே 'ஸ்வர்ணமுகி'யைத் தமிழில் 'பொன்முகி' என்று எழுதுவது நான்காம் படியிலிருந்து புதிதாக ஓர் ஐந்தாம் படியை உண்டாக்குவதாகும்.

எல்லாப் பெயரும் தென்திசையிலிருந்தே வடமொழிக்குச் சென்றது என்று இதனால் முடிவு செய்துவிடலாகாது. தமிழார்வத்தால் நேரும் அப்பிழைக்குக் காளத்தி நல்ல மறுப்பு. ஏழாம் நூற்றாண்டுத் தேவாரத்திலேயே காளத்தி என்னும் வடிவம் உண்டு. ஆயினும் யானையைக் குறிக்கும் 'அத்தி' பிராகிருத 'ஹத்தி'யின் தமிழ் வடிவமே. காஞ்சியின் அத்திகிரியும் அத்தகையதே. காளஹஸ்தி முதலிலும் காளத்தி பின்னும் என்று கொள்வதே ஒலியியலுக்கு இயைபுடையது. சிலந்தி, பாம்பு, யானை ஆகிய மூன்றும் வழிபட்ட கதை பெயரை மூன்றாகப் பிரித்து ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் உயிரைத் தருகிறது.

இதே மலையில் கண்ணப்பர் கதையும் மொழி மாறியது. தூக்குவதற்குத் திண்ணென்றிருந்த குழந்தைக்குத் திண்ணன் எனப் பெயரிட்டதாகப் பெரியபுராணம் கூறும். பதினாறாம் நூற்றாண்டில் தூர்ஜடி தம் காளஹஸ்தீச்வர மாஹாத்மியத்தில் அவனைத் 'தின்னடு' என்றார். தெலுங்கில் 'தின்ன' என்பது நேர்மையையும் செம்மையையும் சுட்டும். வேடச் சிறுவனின் உடல்திண்மை தெலுங்குச் செவியில் உள்ளத்தின் நேர்மையாகக் கேட்கிறது. இது மொழிபெயர்ப்பின் இழப்பு எனத் தோன்றவில்லை.

வேங்கடம் என்னும் பெயருக்கும் இரு பகுப்புகள் உண்டு. வெம்மை மிக்க கடம், அதாவது வறண்ட காட்டுவழி, என்பது தமிழ் வழிப் பொருள். பாலைப் பாடல்களில் இம்மலை பெறும் இடத்துக்கு அது ஒத்துவருகிறது. 'வேம்' பாவம், 'கட' எரிப்பது என்பது வடமொழியாளர் மரபு. இரண்டிலும் எரியும் வெப்பம் இருத்தல் வியப்பே. வழிநடையின் வெப்பம் பின்னதில் வினையை எரிக்கும் வெப்பமாயிற்று.

திருமலைக் கோயிற் கல்வெட்டுகள் 1930களில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. ஆயிரத்தைத் தாண்டும் அவற்றுள் மிகப்பெரும்பான்மை தமிழ். தெலுங்கும் கன்னடமும் சிறுபகுதியே. விசயநகர மன்னர் காலத்திலும் நிலை இதுவே. 1513இல் முதன்முறை மலையேறிய கிருஷ்ணதேவராயரின் கொடைகள் மும்மொழியிலும் பொறிக்கப்பட்டன. கோயிலின் அலுவல் மொழி தமிழாயிருக்க, ஏறிவரும் அடியார் மொழி தெலுங்காக மாறிக்கொண்டிருந்த காலம் அது. தாள்ளபாக்க அன்னமாசாரியார் (1408–1503) அக்காலத்தவர். தமிழ் 'அலர்மேல்மங்கை' அவர் பதங்களில் 'அலமேலுமங்க'. மலர்மேல் உறைபவள் என்னும் பொருள் அவ்வடிவில் மறைந்துவிட, அப்பொருளைச் சுமக்கும் வேலை 'பத்மாவதி'க்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் பெண்மக்கட் பெயர் 'அலமேலு' என ரகரமிழந்தே வழங்குகிறது. அன்னமாசாரியாரைத் தமிழாக்குவோர் 'அலர்மேல்மங்கை' என்று திருத்துவது பொருளை மீட்கும். பதத்தின் தாளத்தைக் கெடுக்கும். கல்வெட்டில் பழவடிவும் பாட்டில் வழங்குவடிவும் கொள்வதே முறையாகும். இன்றைய தமிழ் இதழ்கள் எழுதும் 'திருமலா'வுக்கு இவ்விரண்டுள் எந்த நியாயமும் இல்லை.

1944இல் முதல் மலைப்பாதை திறக்கும் வரை மலையேற்றம் நடையாலும் டோலியாலுமே நிகழ்ந்தது. அலிபிரியிலிருந்து ஏறத்தாழ 3500 படிகள். அவற்றுள் செங்குத்தான பகுதிக்கு 'மோகாள்ள பர்வதம்' என்று பெயர். மோகாலு தமிழ் முழங்காலின் உறவுச்சொல். மொழி எதுவாயினும் ஏறுவோர் நோவு ஒன்றாதலின் இப்பெயரை விளக்க உரையாசிரியர் தேவையில்லை.

சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டுத் திருப்பதி, அகோபிலம், ஸ்ரீசைலம் வழியே வடக்கே சென்றார். தொழிலால் இருமொழியாளரான ஒருவர் மொழிபெயர் தேயத்தைக் கடந்து எழுதிய தெலுங்கு நூல் அவருடைய காசியாத்திரைச் சரித்திரம். அவர் காலத்தில் இப்பகுதி முழுதும் சென்னை மாகாணத்தின் உட்பகுதி. திருப்பதிக் கோயில் நிருவாகமும் 1843 வரை கும்பினியாரிடமே இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபின் ம. பொ. சிவஞானம் முதலியோர் வேங்கடத்தைக் கேட்டுப் போராடினர். படாஸ்கர் பரிந்துரைப்படி, கிராமத்தை அலகாகவும் பேச்சுமொழியை அளவாகவும் கொண்டு, 1960 ஏப்ரல் 1 முதல் எல்லை மாற்றப்பட்டது. திருத்தணி தமிழகம் சேர்ந்தது. சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரம் சென்றது. காளத்தியும் திருமலையும் ஆந்திரத்திலேயே நின்றன. பேசுவோர் எண்ணிக்கையைக் கொண்டு வகுத்த அவ்வளவில், கல்லில் உள்ள மொழிக்கும் ஆற்றின் பெயரில் உள்ள மொழிக்கும் கணக்கு இல்லை.